மெக்கன்சி சேகரத்தில் எங்கள் ஊர் வம்சாவளி: யார் இந்த ராணுவ அதிகாரி, இதை அப்படியே அச்சில் போடலாமா?

நொய்யல்கரை

வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு வரும் தை மாசம் கும்பாபிஷேகம். நான் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். ஊர் காங்கயம் பக்கம். பெரியவர்களிடம் கேட்டுக் கொஞ்சம் எழுதினேன், கோயில் தூணில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்துக் கொஞ்சம் எழுதினேன். அப்போதுதான் பட்டக்காரர் வீட்டில் ஒரு பழைய நோட்டைக் காட்டினார்கள். எங்கள் பாளையப்பட்டின், அதாவது அந்த வீட்டார் தலைமையில் இருந்த பகுதியின், வம்சாவளி அதில் எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'மெக்கன்சி துரை சேகரத்தில் கண்டபடி' என்று ஒரு வரி.

படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. முதல் பட்டக்காரர் சோழ ராஜா முன்னால் புலியைக் குத்துகிறார், அவர் மகனுக்குப் பாண்டியன் பட்டம் கட்டுகிறான், பேரன் மதுரையில் நாயக்கருக்காகக் கோட்டைக் கொத்தளம் காக்கிறார். சோழர், பாண்டியர், நாயக்கர் எல்லாரும் மூன்று தலைமுறைக்குள் வந்துவிடுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட இதைப் பார்த்தால் கேள்வி கேட்கும்.

என் மாமாவிடம் சொன்னேன். "வெள்ளைக்கார ராணுவ அதிகாரியே எழுதி வைத்திருக்கிறான், உனக்கென்ன சந்தேகம், அப்படியே போடு" என்கிறார். மெக்கன்சி யார், பட்டாளத்துக்காரருக்கு எங்கள் ஊர்க் கதை எதற்கு, அவர் சேர்த்தார் என்பதற்காக இதை வரலாறு என்று அச்சிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாடவீதி

ஆளைப் பற்றி முதலில். காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்கிற ஊரில் 1754-ல் பிறந்தவர். அங்கே சுங்கத்தில் வேலை பார்த்தார். 1783 செப்டம்பரில் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் கேடட்டாகச் சேர்ந்து, பிறகு மதராஸ் எஞ்சினியர்ஸ் பிரிவுக்கு மாறினார். திப்புவுக்கு எதிரான இரண்டு போரிலும், அதாவது 1792, 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைகள் இரண்டிலும் இருந்தார். நடுவில் 1793-ல் புதுச்சேரி முற்றுகை, 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையைப் பிடித்த படை. 1810-ல் சென்னை மாகாண சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைக்குத் தலைவர். 1811-லிருந்து 1813 வரை ஜாவா படையெடுப்பு. 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். 1821 மே 8 அன்று கல்கத்தா அருகே இறந்துபோனார். வந்தவர் திரும்பத் தன் ஊரைப் பார்க்கவே இல்லை.

அவர் ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டிய சுவடிகளும் அறிக்கைகளும்தான் மெக்கன்சி சேகரம். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த நாட்டில் எவ்வளவு வரி போடலாம், எந்தப் பாளையக்காரன் எப்போது கலகத்துக்குக் கிளம்புவான் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத் திரட்டிய தகவல்தான் இது. இதை ஊர் வரலாறு என்று கோயில் மலரில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லைக்கல்

அம்மணி, நான் தாராபுரத்துக்காரன். நில அளவைத் துறையில் பிர்க்கா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். மெக்கன்சியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது தொழில் பாசத்தால்தான், அதனால் எனக்கு அவர் பட்டாளத்துக்காரர் என்பதைவிட சர்வேயர். உங்கள் கேள்விக்குப் பதிலும் அந்தப் பக்கமிருந்துதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு கிராமத்தை அளக்கப் போனால் இறங்கியவுடன் கருவியை நிறுத்த முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும் இருந்தார்கள். அவர்களோடு ஊரில் வயசான இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எல்லையை நடந்து பார்ப்போம். இந்த ஓடை எந்த ஊர்ப் பக்கம், இந்தக் கல்லை யார் நட்டது, அந்தக் குட்டை எந்தக் கோயில் மானியம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதை வரும். தாத்தா காலத்தில் நடந்த சண்டை, ராஜா கொடுத்த நிலம், சாமி கனவில் வந்து காட்டிய இடம். நாங்கள் எல்லையை மட்டும் தாளில் ஏற்றுவோம், கதை காற்றோடு போய்விடும். மெக்கன்சி அந்தக் கதையையும் எழுதி வாங்கச் சொன்னார். எங்கள் தொழிலில் வேறு யாரும் அந்த அளவுக்குச் செய்ததில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. ஸ்காட்லாந்தில் நேப்பியர் பிரபு என்றொருவர், மடக்கை கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வம்சத்தில் வந்தவர், அந்த முன்னோரின் வாழ்க்கையை எழுத முயன்றார். இந்தியர்களின் பழைய கணிதம் பற்றி அதில் சேர்க்க வேண்டும் என்று இளைஞர் மெக்கன்சியின் உதவியைக் கேட்டிருக்கிறார். பிரபு இறந்துபோனார், புத்தகம் நின்றது. அவருடைய மகள் ஹெஸ்டர் கல்யாணமாகி நம் மதுரையில் இருந்தார். சென்னைக்கு வந்த மெக்கன்சியை அவர் மதுரைக்கு வரவழைத்து அங்கிருந்த பண்டிதர்களோடு பேச வைத்தார். அந்த அம்மாளின் மகன் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பிற்காலத்தில் இலங்கையில் தலைமை நீதிபதி. இதையெல்லாம் சொல்லி வைத்தவர் அவர்தான்.

மதுரையில் பிடித்த ஆசையை உடனே நிறைவேற்ற வழியில்லை. 1783-லிருந்து 1796 வரை 13 வருஷம் அவர் சாதாரணப் பட்டாளத்துக்காரர். முதல் வேலையே நம் சீமையில்தான், அப்போது நடந்துகொண்டிருந்த சண்டையில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம். பிறகு நெல்லூர், குண்டூர் பக்கம் எஞ்சினியர் வேலை, அப்புறம் மைசூர்ப் போர். 1817-ல் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த 13 வருஷத்தையும் தன் ஆராய்ச்சிக் கணக்கில் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். மொழி தெரியாது, நேரமில்லை, ஒரே இடத்தில் தங்க விடமாட்டார்கள்.

1796-ல்தான் கதவு திறந்தது. ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 20 வயசு இருக்கும். சமஸ்கிருதமும் பல தென்னிந்திய மொழிகளும் தெரிந்தவர், ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர். இந்திய அறிவின் வாசலுக்குள் தன்னை முதலில் நுழைய வைத்தது அவருடைய தொடர்புதான் என்று மெக்கன்சி அதே கடிதத்தில் மனசாரச் சொல்கிறார். 1799-ல் திப்பு விழுந்ததும் மைசூர் சர்வே மெக்கன்சியிடம் வந்தது. 1810 வரை நீண்ட வேலை. சுமார் 40,000 சதுர மைல். இன்றைக்கு ஜிபிஎஸ் வைத்து அளக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளந்து, மலை உச்சிகளில் கொடி நட்டு முக்கோணம் முக்கோணமாகப் போய், அதற்குள் ஊர், ஏரி, ஆறு, பாதை எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். உதவிக்கு வந்தவர்களில் பலர் சென்னை சர்வே பள்ளியில் படித்த பையன்கள். 1794-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. காட்டுக் காய்ச்சல் அந்தப் பையன்களை விழ வைத்தது. போதாததற்கு வேலை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே கம்பெனி செலவைக் குறைத்தது.

இந்த நெருக்கடியில்தான் போரய்யாவும் அவர் தம்பி லட்சுமய்யாவும் மற்றவர்களும் கைபீது திரட்டினார்கள். ஊர் யார் கட்டியது, ராஜாக்கள் வரிசை என்ன, கோயில் மானியம் எப்படி வந்தது, கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிய அறிக்கைகள். 1803-ல் போரய்யா இறந்தபோது அவருக்கு 30 வயசுகூட ஆகவில்லை. அந்த இடத்துக்கு லட்சுமய்யா வந்து, மெக்கன்சி சாகும்வரை கூடவே இருந்தார். நாராயண ராவ், நிட்டல நயினா, நாணயங்கள் திரட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையோரமாகப் போன பாபு ராவ், தமிழ்ப் பகுதியில் அலைந்த அப்பாவு, சமண சுவடிகளைக் கொண்டுவந்த தர்மய்யா என்று பெரிய பட்டாளமே இருந்தது. மழை வெயிலில் நடந்து, சந்தேகப்பட்டவர்களிடம் கெஞ்சி, சத்திரத்தில் படுத்து, மாதாமாதம் கடிதம் எழுதியவர்கள் இவர்கள்.

மெக்கன்சிக்கு நம் மொழி எதிலும் புலமை இல்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே உங்கள் மாமா சொல்கிற மாதிரி 'வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்தது' இல்லை இது. நம் ஆள் ஒருவர் சொல்ல, நம் ஆள் இன்னொருவர் எழுதி, துரை ஆபீசுக்கு அனுப்பிய காகிதம். துரை பேரால் அதற்குக் கூடுதல் நம்பகம் ஒன்றும் வந்துவிடாது. துரை பேரால் அது கெட்டுப்போகவும் இல்லை, மாடவீதி அவர்களே.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க ஐயா. போரய்யா, லட்சுமய்யா பேரெல்லாம் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. எங்கள் பட்டக்காரர் வீட்டு மனிதர்கள் எதற்காக அந்த ஆட்களிடம் சோழன், பாண்டியன், நாயக்கர் எல்லாரையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்? வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று எழுத எனக்குக் கை வராது. அவர்கள் வீட்டு மனிதர்களை நாளை கோயிலில் பார்க்க வேண்டும்.

கோதாவரிக்கரை

நான் ராஜமுந்திரியில் இருக்கும் தமிழன். இந்தப் பக்கம் மெக்கன்சி கைபீதுகளுக்கு மரியாதை அதிகம். தெலுங்கில் ஊர் ஊருக்கு இருக்கின்றன, பல மாவட்டங்களுக்கு அச்சிலும் வந்துவிட்டன. கர்ணம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்த ஊர்க் கணக்குகளை லட்சுமய்யாவின் ஆட்கள் பார்த்துப் படி எடுத்தார்கள். அந்த மூல ஏடுகள் பிறகு செல்லரித்துப் போயின. படி மட்டும் மிஞ்சியது. அதையும் காகிதம் பொடிப்பொடியாக உதிரும் நிலையில் தெலுங்கு அகராதி தொகுத்த ஆங்கிலேய அதிகாரி சி.பி. பிரௌன் தன் செலவில் ஆட்களை உட்கார வைத்து மறுபடி நகலெடுக்க வைத்தார். இரண்டு தடவை சாவிலிருந்து தப்பிய எழுத்து அது.

கிருஷ்ணா நதிக்கரையில் பழைய பௌத்த ஸ்தூபி இருந்த அமராவதியையும் சொல்ல வேண்டும். 1790-களின் கடைசியில் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு அங்கே புது ஊர் கட்டிக்கொண்டிருந்தார். கட்டட வேலைக்காக அந்த ஸ்தூபி மேட்டைத் தோண்டிப் பளிங்குக் கற்களை எடுத்தார்கள். கேள்விப்பட்டு மெக்கன்சி வந்து பார்த்தார். 1816-ல் ஆட்களோடு மறுபடி வந்தபோது மேட்டின் நடுப்பகுதி குளமாகத் தோண்டப்பட்டிருந்தது. மிச்சமிருந்த சிற்பங்களை அவருடைய ஓவியர்கள் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். அந்தக் கற்களில் பல இன்று இல்லை. படங்கள் இருக்கின்றன.

என்னை வருத்துவது லட்சுமய்யாவுக்கு நடந்தது. மெக்கன்சி இறந்ததும் அவருடைய மனைவியிடமிருந்து மொத்த சேகரத்தையும் அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. சமஸ்கிருத அறிஞர் எச்.எச். வில்சன் போட்ட அட்டவணை 1828-ல் வெளிவந்தது. 1,568 சுவடிகள், 8,000-க்கு மேல் கல்வெட்டுப் படிகள், 6,000-க்கு மேல் நாணயங்கள். இதில் பெரும்பகுதி எங்கிருந்து, யார் கையால் வந்தது என்று உயிரோடு இருந்தவர்களில் லட்சுமய்யா அளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. வேலையை நான் தொடர்ந்து நடத்துகிறேன் என்று 1830-களில் அரசிடம் கேட்டார். கல்கத்தா ஆசியக் கழகத்திடம் கருத்துக் கேட்டார்கள். அதன் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் எழுதிய பதிலில், அவர் உதவியாளாக இருக்கலாம், தலைமை ஏற்று நடத்தும் தகுதி அவருக்கு மட்டுமல்ல, எந்த இந்தியருக்குமே இருக்காது என்று முடித்துவிட்டார்கள். சென்னையில் இருந்த பாதிரியார் வில்லியம் டெய்லருக்கு அந்த வேலை போனது. 30 வருஷத்துக்கு மேல் அதிலேயே வாழ்ந்த மனிதருக்கு இந்தப் பதில். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாடவீதி

கோதாவரிக்கரை சொன்னதுதான் என் வாதத்துக்கும் ஆதாரம். வேலை நம்முடையது, பதவியும் பேரும் அவர்களுடையது. மெக்கன்சி அதே வருஷங்களில் பீரங்கி மேடை போட்டுக் கோட்டைச் சுவரை உடைத்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. ஜாவாவில் போய் என்ன செய்தார்? அங்கேயும் சண்டை, அங்கேயும் சுவடி.

எல்லைக்கல்

மாடவீதி, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கவில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் எஞ்சினியர். எஞ்சினியர் வேலை என்பது கோட்டையை உடைக்க வழி பண்ணுவது. ஜாவாவிலும் படையின் எஞ்சினியராகத்தான் போனார், சண்டை முடிந்ததும் பிரம்பனான் கோயில்களைப் போய்ப் பார்த்து எழுதினார், டச்சுக் காகிதங்களைத் திரட்டினார், பெட்ரோனெல்லா பார்ட்டல்ஸ் என்ற பெண்ணை அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். இவை எல்லாம் ஒரே மனிதர் செய்தவை. கம்பெனிக்கு வரைபடம் வேண்டும், வருமானக் கணக்கு வேண்டும். கதைகளை அது கேட்கவில்லை. பெரும்பாலும் சொந்தக் காசைப் போட்டுத்தான் அவற்றைத் திரட்டினார், 15,000 பவுனுக்கு மேல் செலவழித்தார் என்று ஜான்ஸ்டன் சொல்கிறார். ஆனாலும் கேட்க வந்தவன் தோளில் கம்பெனி பட்டை இருந்தது. பதில் சொன்னவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அம்மணி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது 1799-ல், திப்பு விழுந்த பிறகு. அதே வருஷம் அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் தெற்கே மருது சகோதரர்களையும். பாளையங்கள் சிலவற்றைப் பறித்தார்கள், சிலவற்றை ஜமீனாக மாற்றினார்கள், வரியை ஏற்றினார்கள். அந்த நேரத்தில் துரையின் ஆள் ஒருவர் வந்து 'உங்கள் பாளையப்பட்டு எப்படி வந்தது, எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் பட்டக்காரர் வீட்டுப் பெரியவர் மனசில் என்ன ஓடும்? இந்த நிலம் எங்களுக்கு நேற்று வந்ததில்லை, சோழன் கொடுத்தான், பாண்டியன் ஒப்பினான், நாயக்கர் மதித்தார், நீயும் மதிக்க வேண்டும் என்பதுதான். உங்கள் வம்சாவளி வரலாற்றுப் பாடமாக எழுதப்பட்டது இல்லை. பட்டாவைப் பிடுங்கப் போகிற அதிகாரி முன்னால் வைத்த மனு. இதைப் பொய் என்று சொல்ல எனக்கும் மனசு வராது. என் சர்வீஸில் எல்லைத் தகராறு என்று வந்தால் இரண்டு தரப்பும் இப்படித்தான் பேசுவார்கள், இரண்டு பேரும் உண்மையாகவே நம்பித்தான் பேசுவார்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்பதற்குச் சென்னைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தொண்டைமண்டலத்தில் மெக்கன்சியின் ஆட்கள் குறும்பர் கதையைத் திரட்டினார்கள். தொண்டைமண்டலத்தை 24 கோட்டமாகப் பிரித்துக் குறும்பர்கள் ஆண்டார்கள், பெரிய கோட்டை புழலில் இருந்தது, குலோத்துங்க சோழன் மகன் ஆதொண்டை படையெடுத்து வந்து முதலில் தோற்று, திருமுல்லைவாயில் சிவன் அருளால் ஜெயித்தான் என்று கதை. இன்றைக்கும் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போனால் இரண்டு எருக்கந்தூண்களைக் காட்டி, குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பார்கள். கல்வெட்டும் செப்பேடும் வேறு சொல்கின்றன. தொண்டைமண்டலத்தைச் சோழர் பிடித்தது 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிடித்தவன் முதலாம் ஆதித்தன், தோற்றவன் அபராஜித பல்லவன். முதல் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்ததே 1070-ல். கிட்டத்தட்ட 200 வருஷம் இடிக்கிறது.

அப்படியானால் கைபீதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கல்வெட்டு ராஜாவையும் பிராமண ஊரையும் கோயில் நிலத்தையும் பேசும். ஆடு மேய்த்த குறும்பர்கள் அந்த மண்ணை எப்படி நினைவு வைத்திருந்தார்கள், அவர்கள் கோட்டை எங்கே இருந்ததாக ஜனங்கள் சொன்னார்கள், வேளாளர்கள் எங்கிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பது கைபீதில்தான் கிடைக்கும். ராஜா பேருக்கும் வருஷத்துக்கும் கல்வெட்டைப் பாருங்கள். ஊர் தன்னைப் பற்றி 1800 வாக்கில் என்ன நினைத்தது, யாருக்கு எந்த உரிமை இருந்ததாகச் சொன்னது, எந்தக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதற்குக் கைபீதைப் பாருங்கள். கொங்கு ராஜாக்கள் வரிசைக்கும் இதே வழிதான்.

பொதுவாக வம்சாவளியின் கடைசி மூன்று நான்கு தலைமுறை ஓரளவு திடமாக இருக்கும், ஏனென்றால் சொன்னவருக்குத் தன் தாத்தாவையும் அவர் அப்பாவையும் தெரியும். திப்பு காலத்தில் என்ன வரி கட்டினார்கள், எந்த வருஷம் யாரைப் பிடித்து வைத்தார்கள் என்கிற வரிகள் உங்கள் நோட்டில் இருந்தால் அதுதான் தங்கம். புலி குத்திய கதைக்குப் பத்து வரி கொடுத்தால் அதற்கு இருபது வரி கொடுங்கள்.

நொய்யல்கரை

இருக்குதுங்க ஐயா! 'ஐதர் நாளையில் பணம் கட்டச் சொல்லி சீமைக்கு ஆள் வந்தது' என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. யார் யார் ஊரை விட்டுப் போனார்கள், எந்தக் கிணறு தூர்ந்தது, திரும்பி வந்து யார் முதலில் ஏர் பூட்டினார்கள் என்று. அலுப்பாக இருக்கிறது என்று நான் தாண்டிப் போன பக்கம் அது. அந்தக் குடும்பங்களில் நாலு குடும்பம் இன்றைக்கும் ஊரில் இருக்கிறது, என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

நோட்டு மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க எங்கே போக வேண்டும்?

ஓலைவாசகி

தென்னிந்திய மொழிச் சுவடிகள் பெரும்பாலும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. முன்பு மெரினாவில் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது, இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில். ஆங்கில மொழிபெயர்ப்புகள், வரைபடங்கள், ஓவியங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். தமிழ்ப் பாளையப்பட்டு வம்சாவளிகள் சில தொகுதிகளாக அச்சிலும் வந்திருக்கின்றன. முதலில் உங்கள் பக்கத்து மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், கிடைத்தால் சென்னைப் பயணம் மிச்சம்.

சென்னைக்குப் போவதானால் ஊர் பேரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். அந்தக் காலத்து நாட்டுப் பிரிவு, பட்டக்காரர் பட்டப்பேர் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள், அட்டவணையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கிடைப்பது 1837, 1838-ல் டெய்லர் புதிதாக எழுத வைத்த நகலாகவும் இருக்கலாம். நகலெடுத்தவர் எழுத்தை மாற்றிப் படித்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் நோட்டும் அதுவும் மாறுபடும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுவடி எண்ணை மலரில் கட்டாயம் போடுங்கள், அடுத்து எழுத வருகிறவர்களுக்கு உதவும்.

நொய்யல்கரை

மலருக்கு இப்படி எழுதலாம் என்றிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'நம் பாளையப்பட்டின் வம்சாவளி ஒன்று, 200 ஆண்டுகளுக்கு முன் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சிக்காகத் திரட்டப்பட்ட சுவடிகளில் இருந்ததாகப் பட்டக்காரர் வீட்டு நோட்டு கூறுகிறது. அக்காலத்தில் நம் முன்னோர் தங்கள் உரிமையை எடுத்துச் சொல்லக் கூறிய வரலாறு இது. மன்னர் பெயர்களும் காலமும் கல்வெட்டுகளோடு ஒத்துப்போகவில்லை. ஐதர், திப்பு காலத்தில் நம் ஊர் பட்ட துன்பத்தையும் திரும்ப எழுந்ததையும் நேரில் கண்டவர்கள் சொன்னபடி இது கூறுவதால் அப்பகுதியை முழுமையாகத் தருகிறோம்.'

மாமாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். கிணறு தூர்ந்த பக்கத்தை வாசித்தபோது நிறுத்தச் சொல்லி, அந்தக் கிணறு எது என்று எனக்கே காட்டினார்.

எல்லைக்கல்

நன்றாக வந்திருக்கிறது அம்மணி. 'மெக்கன்சிக்காக' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சரி. அதோடு ஒரு வரி சேருங்கள்: காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள் முன்னின்று நடத்திய பணி என்று. சுவடியைப் பார்க்கும்போது உங்கள் ஊருக்கு வந்து எழுதிய ஆளின் பேர் தலைப்பிலோ கடைசியிலோ இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அந்தப் பேரும் மலரில் வரட்டும். 'நேரில் கண்டவர்கள்' என்று மட்டும் இப்போதே உறுதியாகப் போட வேண்டாம், சொன்னவர் வயசும் எழுதிய வருஷமும் சுவடியில் தெரிந்த பிறகு போடலாம்.

கிணற்றை உங்கள் மாமா காட்டினார் அல்லவா, அது எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று பாருங்கள். கிராம வரைபடமும் புலப்படமும் வைத்திருந்தால் அனுப்புங்கள், கைபீதில் சொல்லும் மற்ற இடங்களையும் உட்கார்ந்து குறித்துத் தருகிறேன். நோட்டைக் கும்பாபிஷேகக் கூட்டத்தில் யார் கையிலும் கொடுக்காமல், முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.